நூறு வயது முன்னோர் எங்கே?

கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதில் ஒருவராவது இதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை: "நம்ம தாத்தா காலத்துல ஆஸ்பத்திரி ஏது, மாத்திரை ஏது? கம்பும் கேழ்வரகும் தின்னாங்க, நூறு வயசு வாழ்ந்தாங்க." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பட்டிமன்ற மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், ஏர் பிடித்த ஒரு முதியவரின் படத்தோடு அதே செய்தி வந்து நிற்கிறது. இந்த ஒரு வரியை வைத்து இன்று ஒரு வாழ்க்கை முறையையே வகுத்துவிட்டார்கள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, தூள் உப்புக்குப் பதில் இந்துப்பு, ரீஃபைண்டு எண்ணெய்க்குப் பதில் மரச்செக்கு, எவர்சில்வர் குடத்துக்குப் பதில் செம்புக் குடம். மாற்றிக்கொண்டால் போதும், நோய் அண்டாது என்கிறார்கள்.

இதன் அடித்தளமே பொய். அந்தப் பொய்யின் மேல் எழுப்பிய பழக்கங்களில் பலவற்றால் பயன் இல்லை. சில, ஆளைக் கொல்கின்றன. நல்ல மனசோடு, பிள்ளைகள் ஆரோக்கியமாக வளர வேண்டும் என்ற ஆசையோடு இந்தப் பேச்சை நம்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் என் உறவினர்கள், நண்பர்கள். அதனால்தான் இதைப் பேசாமல் விட முடியவில்லை.

முதலில் அந்த நூறு வயதைப் பார்ப்போம். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, பிரிட்டிஷ் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-ல் அறிக்கை தந்தது. பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 27 ஆண்டுக்கும் குறைவு. 1937-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பிரசவத்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் செத்தார்கள். ரசாயன உரம் இல்லை, பாக்கெட் பால் இல்லை, பிராய்லர் கோழி இல்லை, பரோட்டாக் கடை இல்லை. எல்லாம் இயற்கை. இன்று தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை ஏறக்குறைய 13. நாட்டின் சராசரி ஆயுள் 70-ஐ ஒட்டி நிற்கிறது.

"அந்தச் சராசரியைக் கீழே இழுத்தது குழந்தைச் சாவுதான், தப்பிப் பிழைத்தவர்கள் திடகாத்திரமாக வாழ்ந்தார்கள்" என்று பதில் வரும். முதல் பாதி சரி. ஆனால் அந்தக் குழந்தைகள் யார்? அவர்களும் தாய்ப்பால் குடித்தவர்கள்தானே? கேழ்வரகுக் கூழில் வளர்ந்தவர்கள்தானே? வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் கக்குவானிலும் அவர்கள் போனபோது இயற்கை உணவு ஏன் காப்பாற்றவில்லை? பிழைத்தவர்களையும் காசநோயும் காலராவும் மலேரியாவும் நடுவயதில் கொண்டுபோயின. எந்த ஊரிலும் எண்பது தாண்டிய ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். "பொறந்தது ஒம்பது, தங்கினது நாலு" என்பாள். அந்தத் 'தங்கினது' என்ற சொல்லைக் கணக்குச் சொல்வதுபோல எளிதாகச் சொல்வாள், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதே கதை. முதல் இரண்டு பிள்ளைகள் தங்காத வீட்டில் மூன்றாவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும், முறத்தில் போட்டு அண்டை வீட்டாரிடம் வாங்கியதாகப் பாவனை செய்து பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். மரணத்தை ஏமாற்றப் பெயர் தேட வேண்டியிருந்த ஒரு சமூகத்தை ஆரோக்கியத்தின் பொற்காலம் என்று வர்ணிப்பது, அந்தத் தாய்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஒவ்வொரு குடும்பத்திலும் தொண்ணூறு வயது வாழ்ந்த ஒரு பாட்டனின் படம் கூடத்தில் தொங்குகிறது. முப்பதில் போன அவருடைய தம்பிக்குப் படம் இல்லை. இரண்டு வயதில் போன தங்கைக்குப் பெயரே நினைவில் இல்லை. நாம் படத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறோம்.

சரி, உணவாவது உயர்ந்ததாக இருந்ததா? இதைச் சோதித்த இடம் நம் நீலகிரியிலேயே இருக்கிறது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வுக்கூடம்தான் பிறகு வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மக்காரிசன் எலிகளைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதியில் மக்கள் சாப்பிட்ட சாப்பாட்டையே போட்டு வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி என்று இருந்த சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் நன்றாகக் கொழுத்தன. வங்காளச் சாப்பாடும் மதராஸ் சாப்பாடும் வரிசையின் கடைசி இரண்டு இடங்களில் நின்றன. நூறாண்டுக்கு முந்தைய நம் சாப்பாட்டுத் தட்டு அது. அரிசி மலைபோல, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. வறுமையும் அந்தத் தட்டில் இருந்தது. பண்ணையார் வீட்டுச் சாப்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு ஊரே அப்படிச் சாப்பிட்டதாகப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது.

அதே குன்னூர் இன்னொன்றையும் காட்டியது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நோய் கடுமையாக இருந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அந்த அளவுக்கு இல்லை. காரணம் தெளிவானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியிருக்கும் பி-1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இது நம் முன்னோரின் நல்ல பழக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள், நெல்லை அவிப்பது இயற்கைக்கு நெருக்கமான செயல் அல்ல. பச்சரிசியைவிடக் கூடுதலாகப் பதப்படுத்திய அரிசிதான் புழுங்கலரிசி. அது நல்லது என்பதற்குக் காரணம் வைட்டமின். பழமையோ இயற்கையோ இல்லை. ஒரு பழக்கத்தை எடைபோட இந்தக் கேள்வி ஒன்றுதான் உதவும்: இது உடம்புக்குள் என்ன செய்கிறது?

இயற்கையான தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது, அது பெரிய கொடுப்பினை. காலில் ஒரு கொப்புளம் எழும். தீயில் வைத்ததுபோல எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் படிக்கிணற்றில் இறங்கிக் காலைத் தண்ணீரில் வைப்பான். கொப்புளம் உடைந்து, உள்ளே இருக்கும் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நீர்ப்பூச்சிகள் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு குடித்தவனின் உடம்புக்குள் புழு ஓராண்டு வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேலாக நீண்டு, தோலுக்கடியில் நெளிந்து, காலில் தலைகாட்டும். வெளியே வந்த முனையை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார்கள். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும், கால் சீழ் பிடிக்கும். அறுவடை நேரத்தில் வீட்டில் இரண்டு பேர் இப்படிப் படுத்துவிட்டால் அந்த வருஷம் பட்டினி. தமிழ்நாடு, ராஜஸ்தான், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களை இந்த நோய் வாட்டியது. இதற்குத் தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. படிக்கிணறுகளை மூடி வாளியில் இறைக்கும் கிணறாக்கினார்கள், கைப்பம்பு போட்டார்கள், தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடாக அறிவித்தது.

குடத்தின் வாயில் துணி கட்டுவதைவிட எளிய அன்றாடப் பழக்கம் உண்டா? ஒரு நோயையே நாட்டைவிட்டு விரட்டியதில் அதற்குப் பங்கு இருக்கிறது. புழு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்த பிறகு கட்டிய துணி அது. பழக்கங்கள் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை இயற்கை வாழ்வுப் பேச்சாளர்களின் நம்பிக்கையைவிடக் குறைந்ததில்லை. காரணம் தெரியாத பழக்கத்தை விலைக்கு விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்த விற்பனைக்கு வருவோம். நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்தினாலும் 'கருப்பட்டிக் காபி' பலகை தெரிகிறது. திருச்சியைத் தாண்டி ஒரு கடையில் என் பக்கத்தில் நின்றவர் இரண்டாவது டம்ளரை வாங்கிக்கொண்டு மாஸ்டரிடம் சொன்னார்: "நமக்குச் சுகர் இருக்கு அண்ணே, அதான் சீனி தொடுறதில்ல. கருப்பட்டி ஒண்ணும் பண்ணாதுல்ல?" மாஸ்டர் சற்றும் யோசிக்கவில்லை. "அது பனையில இருந்து வர்றது அண்ணே, உடம்புக்குக் குளிர்ச்சி. தைரியமா குடிங்க." இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேரும் நம்பித்தான் பேசினார்கள். அந்த டம்ளரில் இருந்த இனிப்பு அவருடைய ரத்தத்தில் ஏறும்போது பனையா கரும்பா என்று உடம்பு கேட்கப்போவதில்லை. கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரை முழுக்கச் சுக்ரோஸ். நூறு கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 380 கலோரி, சர்க்கரையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் அவ்வளவுதான்.

"வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே?" இருக்கிறது. நூறு கிராமில் ஐந்து மில்லிகிராம் அளவில். காபிக்குப் போடும் பத்து கிராமில் அரை மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது 29 மில்லிகிராம். அதை வெல்லத்தில் தேடினால் அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களுக்குத் தேவை கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் கறியும், கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும். "வெல்லம் சாப்பிடு, சரியாயிடும்" என்று அவர்களிடம் சொல்வது அக்கறையாகத் தெரியலாம். அது நோயைத் தள்ளிப்போடுகிறது.

மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 2023-ல் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேர். அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வெளிவந்தது. அதை ஒவ்வொரு இயற்கை அங்காடியின் வாசலிலும் எழுதிப்போட வேண்டும் என்பேன். இந்தியர்கள் தின்னும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை. இதில் அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் சர்க்கரை நோயின் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்து தெரிந்தது.

மாற்றினால் போதும் என்பது இயற்கை வாழ்வின் மூலமந்திரம். குறைத்தால்தான் பயன் என்கிறது ஆய்வு. குறைப்பதை யாரும் விற்க முடியாது, அதனால் அதற்கு விளம்பரம் இல்லை. இட்லிக்குப் பதில் வரகு இட்லி எட்டு தின்றால் அது எட்டு இட்லிதான். சிறுதானியம் நல்ல தானியம். தண்ணீர் குறைவான நிலத்தில் விளைகிறது, நார்ச்சத்து இருக்கிறது, முழுதாகச் சமைத்து அளவாகச் சாப்பிட்டால் நன்மை உண்டு. ஆனால் அதன் பெயரைச் சொல்லி விற்பதைத் திருப்பிப் பாருங்கள். அண்மையில் ஓர் அங்காடியில் கேழ்வரகு பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்தேன். முன்பக்கம் பச்சை வயலும் கேழ்வரகுக் கதிரும். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானம்: கோதுமை மாவு, பாமாயில், நாட்டுச் சர்க்கரை, அதன் பிறகே கேழ்வரகு. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே அந்தப் பாக்கெட்டில் கேழ்வரகைவிட எண்ணெய் அதிகம். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படிப்பது என்ற ஒரு பழக்கம் போதும், பாதி அங்காடி காலியாகிவிடும்.

மரச்செக்கு எண்ணெய்க்கும் இதே கதை. மணம் அருமை, அதற்காக வாங்குங்கள். ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பது எந்தச் செக்கிலும் மாறாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு எண்ணெயோடு வந்துவிடும், சுத்திகரிப்பில் நீங்குகிற அது செக்கெண்ணெயில் தங்கும். எனவே செக்காரர் எப்படிப்பட்ட கடலையை வாங்குகிறார் என்பதைப் பாருங்கள். செம்புக் குடத்தைப் பற்றிப் பேச எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சுத்தமான தண்ணீரை எதில் வைத்துக் குடித்தாலும் சரி.

உப்பு விஷயத்தில் மட்டும் என்னால் இப்படிக் கடந்துபோக முடியாது, ஏனென்றால் இதில் விலை கொடுப்பது பிறக்கப்போகும் குழந்தை. 'அயோடின் உப்பு கார்ப்பரேட் சதி, அதனால்தான் தைராய்டு வருகிறது, இந்துப்புக்கு மாறுங்கள்' என்று சொல்லாத யூடியூப் வைத்தியர் இல்லை. கர்ப்பிணிகளும் இதைக் கேட்கிறார்கள். தாயின் உடம்பில் அயோடின் குறைந்தால் கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சி தடைபடும். கடுமையான குறைபாட்டில் குழந்தை காது கேளாமல், பேச்சு வராமல், மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கும். லேசான குறைபாட்டில் வெளியே ஒன்றும் தெரியாது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளையாக, ஏனென்று யாருக்கும் தெரியாமல் வளரும்.

இதை இந்தியர்களே இந்திய மண்ணில் நிரூபித்தார்கள். 1956-ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவும் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன ஊர்களில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, சாதா உப்பு ஊர்களில் குறையவில்லை. அதன் பலனாகத்தான் 1962-ல் தேசியத் திட்டம் தொடங்கியது. சதி என்று சொல்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் கழுத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலம் நாட்டின் பெரிய உப்பு மாநிலங்களில் ஒன்று. தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் உப்பளங்களால் வாழ்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அரசின் உப்புக் கழகமே அயோடின் உப்பு தயாரிக்கிறது. அப்படியிருந்தும் 2018-19-ல் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடுதான். நாட்டிலேயே கடைசி. நாட்டின் சராசரி 76.3. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அயோடின் சேராத கல்லுப்பு எளிதாகக் கிடைக்கிறது. அயோடின் தெளித்த கல்லுப்பே வாங்கினாலும், அழுக்குப் போக அலசிவிட்டுப் போடுகிறோம், தெளித்தது தண்ணீரோடு போய்விடுகிறது. இந்த நிலையில் இந்துப்புப் பிரசாரம் வேறு. இந்துப்பு என்பது பூமிக்கடியிலிருந்து வெட்டிய பாறை உப்பு. அதில் 97 விழுக்காட்டுக்கு மேல் சாதாரணச் சோடியம் குளோரைடு. மிச்சமிருக்கும் தாதுக்கள் நிறத்துக்கு உதவும், உடம்புக்கு அந்த அளவில் உதவாது. சாதாரண உப்பின் பல மடங்கு விலையில் அதை விற்பவரை விட்டுவிட்டு, ரேஷன் கடையில் மலிவு விலையில் அயோடின் உப்பு தருகிற அரசைச் சதிகாரன் என்கிறோம்.

ஏற்கெனவே தைராய்டு கோளாறு உள்ள சிலருக்கு அயோடின் அளவு பற்றி மருத்துவர் தனியாக ஆலோசனை சொல்லலாம். அவர்களுக்காக ஊரே அயோடினை விட வேண்டியதில்லை. உப்பில் நாம் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது அளவு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, நாம் சராசரியாக 8 கிராம் தின்கிறோம். இந்துப்பாக இருந்தாலும் எட்டு கிராம் ரத்தக்கொதிப்பை ஏற்றத்தான் செய்யும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வற்றல் என்று நம் சொந்தப் பாரம்பரியத்தில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது.

இந்தப் பேச்சில் என்னை அதிகம் கோபப்படுத்துவது சமையலறை. "அம்மியில அரைச்ச சட்னி ருசியே தனி, விறகடுப்புச் சோறு மணமே தனி" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அரைக்கவும் ஊதவும் போகாதவர்கள். என் பாட்டியின் அடுப்படி ஐந்தடிக்கு ஆறடி இருக்கும். மேலே ஒரு சின்னப் புகைபோக்கி, கரி அடைத்துக் கிடக்கும். ஈர விறகாக இருந்தால் ஊதுகுழலை வாயில் வைத்து அவள் ஊதும்போது புகை முகத்திலேயே திரும்பி அடிக்கும். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவாள். இருமல் அவளுக்குப் பேச்சின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பீடி தொட்டதில்லை, ஆனால் நெஞ்சு பீடி குடித்தவரின் நெஞ்சு. வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விறகும் வறட்டியும் இயற்கைதான், அந்தப் புகையும் இயற்கைதான்.

கேஸ் அடுப்பும், கோயம்புத்தூர் கிரைண்டரும், 2011-க்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த மிக்ஸியும் நம் பெண்களுக்குத் தந்த நேரத்தையும் மூச்சையும் எந்த நாட்டு மருந்தும் தரவில்லை. அம்மி அரைத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்ற கதையை வாழ்நாள் முழுக்க அம்மி அரைத்த தலைமுறையிடம் சொல்லிப் பாருங்கள். ஆண்டுக்கு 2 லட்சம் பேர் பிரசவத்தில் இறந்தது அந்தத் தலைமுறையில்தான். 'இயற்கை உணவுக்கு மாறுவோம்' என்று கணவன் முடிவெடுத்தால், ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இடிப்பதும் சலிப்பதும் யார் கையில் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து அதைச் செய்கிறவளின் தூக்கம் யாருடைய ஆரோக்கியக் கணக்கிலும் சேர்வதில்லை.

கதை அதோடு நின்றாலாவது பரவாயில்லை. 2018-ல் திருப்பூரில், யூடியூப் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு தாய் உதிரப்போக்கில் உயிரை விட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கில் நிமிடங்கள்தான் கணக்கு. ஆஸ்பத்திரியில் சில ரூபாய் ஊசியும் ரத்தமும் காப்பாற்றுகிற உயிர் அது. அந்தச் செய்தி அடங்குவதற்குள், கோவையில் ஒருவர் வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று விளம்பரம் செய்து கைதானார். கேட்டவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பட்டம் பெற்று, நல்ல சம்பளம் வாங்கி, பிள்ளைக்கு எல்லாம் சுத்தமாக வேண்டும் என்று நினைத்தவர்கள்.

செய்தியாக வராத சாவுகள் இதைவிட அதிகம். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயத்துக்கு மாறியவர், இன்சுலினை விட்டுவிட்டு ஆவாரம்பூக் குடிநீரை நம்பியவர். பக்கவாதம் வந்த பிறகும், காலில் விரல் எடுத்த பிறகும்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதிலும் மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அரளியும் ஊமத்தையும் செங்காந்தள் கிழங்கும் நம் வேலியில் வளர்பவை. ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-லேயே எழுதினார்கள். வேலை செய்கிற எதுவும் அளவு மீறினால் கெடுதலும் செய்யும். அளவும் வேண்டாம், சோதனையும் வேண்டாம் என்று ஒரு மருந்தை விற்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

அப்படியானால் நம் காலத்து நோய்களுக்கு நம் காலத்து வாழ்க்கை காரணமில்லையா என்று கேட்பீர்கள். காரணம்தான். முதியவர்களின் வாழ்க்கையில் நாம் இழந்த ஒன்று உண்டு, அது கருப்பட்டி அல்ல. அவர்கள் நடந்தார்கள், குனிந்தார்கள், சுமந்தார்கள், இருட்டியதும் தூங்கினார்கள். அரிசியை அவ்வளவு தின்றும் எரித்துவிட்டார்கள். நாம் அதே அளவு அரிசியைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்கிறோம், நள்ளிரவுவரை போனைத் தடவுகிறோம். அந்த உழைப்பின் ஒரு பங்கையாவது உடம்புக்குத் திருப்பித் தர, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடக்கலாம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டும் சுண்டலும் கீரையும் வைக்கலாம். காபிக்கு எந்த இனிப்பையும் அரைக் கரண்டியாக்கி, நாக்கு பழகியதும் அதையும் விடலாம். மேஜையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடலாம். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடலாம், அதுவும் இயற்கைதான், ஆனால் வாய்ப் புற்றுநோய் வார்டு அதனால்தான் நிரம்புகிறது. முப்பதைத் தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். எதற்கும் அங்காடிக்குப் போக வேண்டாம்.

ஆனால் இருபது நிமிட நடைக்குத் தெரு வேண்டும். அரசு 2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று திட்டம் தொடங்கியது, நல்லது. சாதாரணத் தெருவில் குடியிருப்பவளுக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். அவள் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புவரை டிரான்ஸ்ஃபார்மரும் திறந்த சாக்கடையும் நிறுத்தி வைத்த பைக்குகளும் இல்லாத நடைபாதையும், எரிகிற தெருவிளக்கும் வேண்டும். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, பருப்பு மாதம் ஒரு கிலோதான். அதை இரண்டு கிலோவாக்கினால் மாவுச்சத்தின் இடத்தில் புரதம் வைக்கச் சொல்லும் ஆய்வு ஏழையின் தட்டிலும் நடக்கும். இயற்கை வாழ்வு மாநாடுகளுக்குத் திரள்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அடுத்த கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் இந்த இரண்டைக் கேட்டு எழுந்து நிற்கட்டும். நானும் வருகிறேன்.